பொதுவளம் படிக்க எங்கே போவது: புளூமிங்டனா, மதுரையா, சென்னையா?

ஏரி, மேய்க்கால், மீன்பிடி கடல் என ஊரே சேர்ந்து ஆளும் வளங்களைப் பற்றி மேற்படிப்பு படிக்க நினைப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது அமெரிக்காவின் புளூமிங்டன். இந்தியானா பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் ஆஸ்ட்ரமும் எலினோர் ஆஸ்ட்ரமும் 1973இல் தொடங்கிய ஆய்வு மையம் அங்கேதான் இருக்கிறது. 2009இல் எலினோருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. ஆனால் மையம் தானாகப் பட்டம் தருவதில்லை; அரசியல் அறிவியல், பொதுக் கொள்கை போன்ற ஒரு துறையில் சேர்ந்துகொண்டு மையத்தோடு இணைய வேண்டும். பிஎச்.டி. என்றால் பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் உண்டு. முதுகலைக்குக் கைக்காசு கரையும்.

அங்கே பழகுவது ஒப்பிடும் கண். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் மலை மேய்ச்சலையும் ஸ்பெயினின் வலென்சியா வாய்க்கால்களையும் ஒரே கேள்விகளால் துருவுவார்கள்: எல்லையை வகுத்தது யார், கண்காணிப்பது யார், மீறினால் என்ன தண்டம்?

அந்தக் கேள்விகளோடு நம் ஏரிக்கரைக்கு வந்தால் ஓர் ஆள் விடுபட்டுப் போக வாய்ப்பு அதிகம். மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி, பல ஊர்களில் தலித். சொந்த நிலம் இல்லாதவர். தமிழ்நாட்டின் 2000ஆம் ஆண்டு விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டப்படி அமைந்த பாசன சபையில், ஆயக்கட்டில், அதாவது ஏரித் தண்ணீர் பாயும் பரப்பில், நிலம் வைத்திருப்பவரே உறுப்பினர். விதி எழுத்தில் ஒழுங்காகத்தான் இருக்கும். ஏரியின் உபரி நீர் வழியும் கலிங்கு வரை நடந்து அவரிடம் பேசினால்தான் சாதி அந்த விதிக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும்.

அந்தப் பேச்சுக்கு மதுரைதான் பக்கம். தானம் அறக்கட்டளை கண்மாய்ச் சீரமைப்பில் ஊறிய அமைப்பு; அதன் ‘தி தான் அகாடமி’யில் (முன்பு டாடா-தான் அகாடமி) வளர்ச்சி மேலாண்மை படிக்கலாம். கோட்பாட்டு ஆழத்தை அங்கே தேட வேண்டாம், அது களப்பணிக்கு ஆள் தயாரிக்கும் இடம்.

ஆய்வுதான் நோக்கம் என்றால் சென்னை அடையாறில் 1971இல் தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பாசனம், நிலத்தடி நீர் பற்றிய ஆய்வு மரபு அங்கே வலுவானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை (யுஜிசி ஜேஆர்எஃப்) கிடைத்தால் மாதம் ரூ.37,000, வாடகை போக மிச்சத்தில் களத்துக்கும் போய்வரலாம்.

என் தேர்வு: தமிழ்நாட்டு ஏரியே உங்கள் கேள்வி என்றால் சென்னை, அதற்கு முன் ஒரு பருவமாவது கண்மாய்க் கரையில் வேலை. பல நாடுகளை ஒப்பிடுவதே கேள்வி என்றால் புளூமிங்டன். விசா கிடைக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்தியானாவின் பொதுவள மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை இலவசமாகவே படிக்கலாம்.