வீடாக மாற்றிய ரோசா பஸ்ஸுக்கு எந்த விசிறி ஏற்றது?

ஆசனங்களைக் கழற்றிவிட்டுக் கட்டில், சமையல் மேசை, தண்ணீர்த் தாங்கி, ஏசி ஆகியவற்றைப் பொருத்தி, மட்டக்களப்பிலிருந்து அறுகம்குடாவுக்கும் பதுளைப் பக்கத்துக்கும் நாங்கள் ஓட்டிவரும் மிட்சுபிஷி ரோசா பஸ்ஸில் இயந்திரத்தைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கான மூன்று வகை விசிறி அமைப்புகளையும் பயன்படுத்திப் பார்த்த பின்னரே இம்மதிப்பீட்டை எழுதுகிறேன். முதலாவது, பெல்ட்டினால் இயங்கி இயந்திரத்தோடு எப்போதும் சேர்ந்து சுழலும் நிலையான விசிறி. இரண்டாவது, சூட்டுக்கேற்ப விசிறியை இறுக்கியும் தளர்த்தியும் விடும் விஸ்கஸ் கிளச்சோடு அதே இடத்தில் பூட்டப்படும் விசிறி. மூன்றாவது, ரேடியேட்டருக்குப் பின்னால் அருகருகே பொருத்தப்படும் இரண்டு மின்விசிறிகள். எங்கள் பகுதி ஓட்டத்துக்கு விஸ்கஸ் கிளச் விசிறியே முதன்மையாக இருக்க வேண்டும் என்பதும், மின்விசிறி, ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்குத் துணையாக ஒன்று இருந்தால் போதும் என்பதும், இவ்விரண்டையும் விட விசிறியைச் சுற்றி அமைக்கப்படும் தகரக் கூட்டுக்கே கூடுதல் கவனம் தேவை என்பதும் என் முடிவுகள்.

ஆட்களை ஏற்றி ஓடிய காலத்தில் கொதிக்காத பஸ், வீடாக மாறியதும் ஏன் கொதிக்கத் தொடங்குகிறது என்று பலர் வியப்படைகிறார்கள். எடை கூடியது அதற்கு ஒரு காரணம் மட்டுமே. சத்தம் உள்ளே வராமலிருக்க இயந்திர மூடியைச் சுற்றிக் கனத்த விரிப்புகளை ஒட்டி அடைத்துவிடுவதால், ரேடியேட்டரைக் கடந்து வந்த சூடான காற்று வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. அதைவிட முக்கியமானது, ரேடியேட்டருக்கு முன்னால் நிறுத்தப்படும் ஏசி கண்டென்சர் ஆகும். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பத்தின் அளவு, உள்ளே ஓடும் நீருக்கும் வெளியிலிருந்து வரும் காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது. நீர் 90 பாகையிலும் காற்று 35 பாகையிலும் இருந்தால் வேறுபாடு 55 பாகை. கண்டென்சரைக் கடக்கும்போது காற்று 45 பாகைக்குச் சூடாகிவிட்டால் வேறுபாடு 45 ஆகக் குறைந்து, ரேடியேட்டர் தன் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. மலைகளைக் கடந்து இறங்கி வறண்டு வீசும் கச்சான் காற்றுக் காலத்தில், இந்த இழப்பைத் தாங்க எந்த ரேடியேட்டரிலும் பெரிய மிச்சம் இருப்பதில்லை.

நிலையான விசிறியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது உறுதியானது; பழுதடைவதற்கு அதில் ஏதுமில்லை. ஆனால் விசிறியின் சுழற்சி இரண்டு மடங்கானால் அது விழுங்கும் வலு எட்டு மடங்காகிறது என்பதால், அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் வரையுள்ள சமதரையில் பஸ் வேகமாக ஓடுகையில், எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதுமாக இருக்கும் அந்த நேரத்தில்தான், அது டீசலை வீணாகத் தின்கிறது. அதன் இரைச்சலில் பின்கட்டிலில் படுத்திருப்பவருக்குத் தூக்கம் வராது.

விஸ்கஸ் கிளச்சின் சிறப்பு, இந்த வீணான சுழற்சியைத் தானாகவே குறைத்துக்கொள்வதாகும். அதன் முகப்பிலுள்ள ஈருலோகச் சுருள், ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்றின் சூட்டை உணர்ந்து, உள்ளே இருக்கும் சிலிக்கன் எண்ணெய்க்கு வழி திறந்து விசிறியை இறுக்குகிறது. சூடு தணிந்ததும் எண்ணெய் திரும்பிச் செல்ல, விசிறி தளர்ந்து மெதுவாகச் சுழல்கிறது. செங்கலடியிலிருந்து புல்லுமலை, மகா ஓயா வழியாகப் பிபிலை வரை அது பெரும்பாலும் ஓய்ந்தே இருக்கும். அதன் பின்னர் லுணுகலை, பசறை ஏற்றங்களில், சிறிய கியரில் இயந்திரம் உயர் சுழற்சியிலும் பஸ் ஆமை வேகத்திலும் செல்கையில், எதிர்க்காற்று இல்லாத அந்த இடத்தில்தான் விசிறி முழுமையாகப் பிடித்து உறுமத் தொடங்குகிறது. ஏற்றத்தில் இயந்திரச் சுழற்சியோடு விசிறிச் சுழற்சியும் சேர்ந்தே உயர்வதால், வெப்பம் கூடும்போது காற்றும் கூடுகிறது. மின்விசிறியில் இந்த ஒத்திசைவு இல்லை.

அதன் குறையும் இங்கிருந்தே பிறக்கிறது. காத்தான்குடிக் கடைத்தெருவிலோ கல்முனைச் சந்தைப் பக்கத்திலோ வாகன நெரிசலில் ஏசியுடன் நிற்கும்போது இயந்திரம் மெதுவாகச் சுழல்வதால், கிளச் முழுமையாகப் பிடித்தாலும் விசிறி போதிய காற்றை இழுப்பதில்லை. கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் ரீகண்டிஷன் கிளச்சை வாங்குவோர் கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. கிளச்சின் பெயரிங்கைச் சுற்றி எண்ணெய்க் கசிவின் கறை இருந்தாலும், இயந்திரம் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் சுழற்றினால் தடையே இல்லாமல் பல சுற்றுச் சுற்றினாலும் அது செத்த கிளச் ஆகும். காலையில் முதன்முறை இயக்கும்போது சிறிது நேரம் உறுமிவிட்டு அடங்குவது பழுதன்று.

மின்விசிறி அமைப்பு, பார்வைக்கு அழகாகவும் கேட்பதற்கு அமைதியாகவும் இருப்பதனால் பஸ்ஸை வீடாக மாற்றி வைத்திருப்போரிடையே விருப்பத்துக்குரியதாக இருக்கிறது. நெரிசலில் நிற்கும்போது அது விஸ்கஸ் விசிறியை எளிதில் வென்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் காற்றளவு, முன்னால் எந்தத் தடையும் இல்லாத நிலையில் அளக்கப்பட்டதாகும். கண்டென்சரும், குழாய்களும் தகடுகளும் அடுக்கிய தடித்த ரேடியேட்டர் நடுப்பகுதியும் (கோர்) ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது அந்த அளவு வெகுவாகச் சரிந்துவிடுகிறது. பசறை ஏற்றத்தில் இரண்டு மின்விசிறிகளும் முழுவீச்சில் ஓடியும் வெப்பமானியின் முள் இறங்க மறுத்தது. ஏசியை நிறுத்திய பிறகே இறங்கியது. மின்கணக்கும் சாதகமாக இல்லை. 24 வோல்ட்டில் ஒரு விசிறி 10 ஆம்பியர் எடுத்தால், இரண்டும் சேர்ந்து 480 வாட் ஆகிறது. உள்ளிருக்கும் குளிர்சாதனப் பெட்டியும் விளக்குகளும் இரண்டாவது பற்றரியும் அதே ஆல்டர்னேட்டரையே நம்பியிருக்கும்போது, இரவுப் பயணத்தில் இது சிறிய சுமையன்று.

கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் கார்களுக்கான 12 வோல்ட் விசிறிகள் என்பது இன்னொரு தொல்லை. ரோசா 24 வோல்ட் வண்டி. இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று வயரிங் வேலை செய்பவர் ஒருவர் எங்களுக்கு ஆலோசனை சொன்னார். அப்படிச் செய்தால் ஒரு பற்றரி வெறுமையாகிக்கொண்டும் மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிக்கொண்டும் இருந்து இரண்டும் கெட்டுப்போகும். இரண்டு விசிறிகளைத் தொடராக இணைத்தாலோ, ஒன்று எரிந்தால் மற்றதும் நின்றுவிடும். 24 வோல்ட் விசிறி, 24 வோல்ட் ரிலே, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ், துருப்பிடித்த சேசிஸை நம்பாமல் பற்றரிக்கே நேராகச் செல்லும் எதிர்மின் கம்பி ஆகியவற்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கோரின் ஊடாகப் பிளாஸ்டிக் பட்டிகளைச் செருகி விசிறியைக் கட்டும் வழக்கமும் கைவிடப்பட வேண்டியது. அதிர்வில் அவை தகடுகளை அறுத்து, ஒரு நாள் குழாயையே துளைத்துவிடும்.

தகரக் கூட்டைப் பற்றி எந்தக் கடைக்காரரும் பேசுவதில்லை, ஏனெனில் அது பெட்டியில் வரும் பொருளன்று. கூடு இல்லாத விசிறி, ரேடியேட்டரின் வழியாகக் காற்றை இழுப்பதற்குப் பதிலாகத் தன் இதழ் நுனிகளைச் சுற்றி அதே சூடான காற்றையே மீண்டும் மீண்டும் கலக்கிக்கொண்டிருக்கும். பின்னாலிருந்து இழுக்கும் விசிறியின் இதழ்கள் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை கூட்டின் வாய்க்குள் இருக்க வேண்டும்; நுனிக்கும் கூட்டுக்கும் இடையில் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் இருந்தால் போதும், அதற்கும் குறைத்தால் இயந்திரம் தன் றப்பர் மவுண்டுகளில் அசையும்போது இதழ் தட்டும். கூடு ரேடியேட்டரோடு சேரும் விளிம்பில் றப்பர் பட்டி ஒட்டி இடைவெளியை அடைக்க வேண்டும். அத்தோடு, ரேடியேட்டரின் பக்கங்களிலும் மேலும் கீழும் உள்ள திறப்புகளைத் தகட்டினால் மூடி, பின்னால் சென்ற சூடான காற்று முன்னால் திரும்பி வராமல் தடுக்க வேண்டும். எங்கள் கூட்டை உள்ளூர்த் தகர வேலைக்காரர் ஒருவரே அளவெடுத்துச் செய்தார். விசிறியை மாற்றாமல் இந்த வேலையை மட்டும் செய்த பின்னரே பசறை ஏற்றத்தில் ஏசியை நிறுத்தாமல் செல்ல முடிந்தது. எல்லாச் செலவிலும் மிகக் குறைந்ததும் இதுவே.

இப்போது பஸ்ஸில் இருப்பது, இந்தக் கூட்டுக்குள் சுழலும் விஸ்கஸ் விசிறியும், கண்டென்சருக்கு முன்னால் நின்று உள்நோக்கித் தள்ளும் ஒரேயொரு 24 வோல்ட் மின்விசிறியும் ஆகும். பிந்தியது ஏசி வாயுவின் அழுத்தம் உயரும்போது மட்டும் இயங்குவதால் நெரிசலில் உதவுகிறது, ஏனைய நேரங்களில் மின்சாரம் கேட்பதில்லை. அதைப் பொருத்தும்போது அதன் மோட்டார், கிளச்சின் நடுப்பகுதிக்கு நேர் முன்னால் வராமல் ஒரு பக்கமாக விலகியிருக்க வேண்டும். இல்லையேல் ஈருலோகச் சுருளுக்கு வரவேண்டிய காற்று மறைக்கப்பட்டு, கிளச் பிடிப்பதற்குத் தாமதமாகும்.

விசிறியின் மீது பழி விழுவதற்கு முன்னர் பார்க்க வேண்டியவையும் உள்ளன. அம்பாறை வயல்களில் அறுவடை நடக்கும் நாட்களில் பதரும் தூசியும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே புகுந்து அடைந்துவிடும். அதை உள்ளிருந்து வெளிப்புறமாக, அழுத்தம் குறைந்த தண்ணீரால் கழுவ வேண்டும். கரையோரக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டருக்குள் ஊற்றினால் உப்பும் சுண்ணாம்பும் குழாய்களில் படியும். கொதிக்கிறது என்றவுடன் நீரின் சூட்டுக்கேற்ப வழி திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நமது கராஜ்களில் இன்னும் தொடரும் பழக்கம். சில இயந்திரங்களில் அப்படிச் செய்தால் நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவந்து, கொதிப்பு இன்னும் கூடும்.

ஏசி பொருத்தாமல், யன்னல் காற்றோடு கரையோரச் சமதரையில் மட்டும் ஓடும் பழைய லேலண்ட் பஸ்ஸை வீடாக மாற்றி வைத்திருப்பவர்கள் இவ்வளவு செலவுக்குள் போக வேண்டியதில்லை. அதிலுள்ள நிலையான விசிறியை அப்படியே விட்டு, பெல்ட்டின் இழுவையைச் சரிபார்த்து, வெடித்த கூட்டைப் புதிதாகச் செய்வித்து, மிஞ்சும் பணத்தை ரேடியேட்டர் கோரைச் சுத்தப்படுத்தவோ மாற்றவோ பயன்படுத்தலாம்.