சேலத்தில் வாடகைக்கு வீடு பார்ப்பது சூரமங்கலத்திலா, கன்னங்குறிச்சியிலா?

வேலை புது பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றால் சூரமங்கலம்தான் கிட்டம். சேலம் ஜங்ஷனும் அங்கேயே; ஊரிலிருந்து பெரியவர்கள் ரயிலில் வந்தால் ஆட்டோ பேரம் மிச்சம். மற்றபடி இரைச்சல்தான்.

கன்னங்குறிச்சி ஏற்காட்டு மலையடிவாரம். பக்கத்தில் மூக்கனேரி, சாயங்காலம் நல்ல காற்று. ஆனால் காலையில் அஸ்தம்பட்டி ரவுண்டானாவைத் தாண்டி வர வேண்டும். பள்ளி வேன்கள் மொய்க்கும் நேரம் அது. சின்னக் குழந்தைகள் இருந்தால் அதையும் பொறுத்துக்கொண்டு நான் இங்கேதான் பார்ப்பேன்.

எங்கே பார்த்தாலும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் குழாயைப் பாருங்கள். வாயில் வெள்ளை உப்பு படிந்திருந்தால் போர் தண்ணீர். காவிரித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள்.