1,950 டாலர் போச்சு: டிரெய்லரிலேயே குடியிருக்க இடம் தேடுபவர்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்

டெக்ஸாஸில், டாலஸ் சுற்றுவட்டாரத்தில் டிரெய்லரை (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) நிறுத்தி மாதக்கணக்கில் குடியிருக்க இடம் தேடுபவர்களுக்காக அவசரமாக எழுதுகிறேன். மூன்று மாத வாடகை 1,950 டாலர் முன்பணமாகக் கட்டி, முந்தாநாள் மொத்தமாகப் போய்விட்டது. புகார் கொடுத்திருப்பதால் பார்க்கின் (இப்படிப்பட்ட வண்டிகளுக்கு இடம் வாடகைக்கு விடும் வளாகம்) பெயரையும், அதைப் பட்டியலிட்டிருந்த இணையதளத்தின் பெயரையும் சொல்லவில்லை. நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு தனியார் ஆர்.வி. (வீட்டு வண்டி) பார்க், அவ்வளவுதான். இடம் தேடுவது எப்படி என்று கடைசியில் எழுதுகிறேன்.

விளம்பரத்தில் இருந்தது இது: மாதம் 650 டாலர், கரன்ட் தனி மீட்டர், 50 ஆம்ப், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு எல்லாம் உண்டு, எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தங்கலாம்.

நம்பவைத்தது விளம்பரம் இல்லை, போனில் பேசிய மேனேஜர் அம்மாதான். வண்டி எத்தனை அடி, எந்த வருஷத்து மாடல், ஏ.சி. ஒன்றா இரண்டா, ஸ்லைடு (வெளியே நீட்டி அறையைப் பெரிதாக்கும் பகுதி) எந்தப் பக்கம் திறக்கும் என்று வரிசையாகக் கேட்டார். பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியைப் பல பார்க்குகள் சேர்ப்பதில்லை. அதற்காக வண்டியின் போட்டோவையும் வாங்கிக்கொண்டார். இவ்வளவு விவரம் கேட்பவர் தொழில் தெரிந்தவர், ஏமாற்றமாட்டார் என்றுதான் யாருக்கும் தோன்றும். பிறகு கரன்ட் பெட்டியின் போட்டோ ஒன்று அனுப்பினார். 50 ஆம்ப் பிளக்கின் நான்கு ஓட்டையும் தெளிவாகத் தெரிந்தது. “14-ஆம் நம்பர் உங்களுக்குத்தான், சாயங்காலத்துக்குள் கட்டிவிடுங்கள், வேறு ஆள் கேட்கிறார்கள்” என்றார். கார்டில் கட்டினால் 3 சதவீதம் கூட ஆகும், வங்கிச் செயலியில் அனுப்புங்கள் என்றும் சொன்னார். 1,950 டாலரும் அப்படித்தான் போனது.

போய் நின்றால் 14 இல்லை, 22. வரிசையின் கடைசி இடம். பெட்டியில் இருந்தது மூன்று ஓட்டை 30 ஆம்ப் மட்டும். அதிலும் ஒரு ஓட்டையின் ஓரம் கருகி, பிளாஸ்டிக் உருகி வழிந்து இறுகியிருந்தது. தளர்ந்த பிளக்கில் சூடேறி எரிந்ததன் அடையாளம் அது.

30-க்கும் 50-க்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைக்காதீர்கள். 30 ஆம்ப் என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். 50 ஆம்ப் பிளக்கில் இரண்டு லைன் வருகிறது, ஒவ்வொன்றிலும் 50 ஆம்ப், மொத்தம் 12,000 வாட். 13,500 பி.டி.யு. (குளிரூட்டும் திறனின் அளவு) ஏ.சி. ஒன்று ஓடவே சுமார் 1,500 வாட்டுக்கு மேல் இழுக்கும். இரண்டு ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவைப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். அடாப்டர் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், கரன்ட்டைக் கூட்டாது.

அதைவிட மோசம் வோல்டேஜ். மல்டிமீட்டரில் லோடு இல்லாமல் 113 வோல்ட் காட்டியது. ஒரு ஏ.சி.யைப் போட்டதும் 99. சுமார் 105-க்குக் கீழே போனால் கம்ப்ரசர் கூடுதல் கரன்ட்டை இழுத்துச் சூடாகி, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எரிந்துபோகலாம். புது ஏ.சி. வாங்கி மாட்ட ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். பழைய, மெலிந்த ஒயர் ஒன்றை நீளமாக இழுத்து வரிசை முழுக்க அதிலேயே கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு எல்லோர் ஏ.சி.யும் ஓடும்போது கடைசி இடத்துக்கு வந்து சேர்வது இவ்வளவுதான். காலையில் சோதித்திருந்தால் இந்தக் குறை தெரிந்தே இருக்காது.

கழிவுநீர் குழாயின் வாய் வண்டியின் வால்வைவிட உயரத்தில் இருக்கிறது. ஓர் அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும். இங்கே கழிவு ஏறவேண்டும். ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த விதியில் 28 நாளுக்கு ஒருமுறை காலி செய்துவிட்டுத் திரும்ப வரவேண்டும் என்று இருந்தது. தபாலும் வாங்கமாட்டார்களாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அதே அம்மா, “பிளக்கைச் செருகிவிட்டீர்கள், செக்-இன் ஆகிவிட்டது, ரீஃபண்ட் கிடையாது” என்றார். சோதித்துப் பார்க்கச் செருகியது இருபது நிமிஷம்! போட்டோ வேறு வரிசையில் எடுத்தது, விளம்பரத்துக்குத் தளம்தான் பொறுப்பு என்றார். தளத்தில் கேட்டால், நாங்கள் பட்டியல் மட்டும்தான் போடுகிறோம், பார்க்கிடம் பேசுங்கள் என்று மூன்று தடவையும் ஒரே பதில். வங்கியில், நீங்களாக அனுப்பிய பணம், எங்களால் எடுக்க முடியாது என்றார்கள். கிரெடிட் கார்டாக இருந்தால் ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வழி இருக்கிறது. 1,950 டாலரில் ஒரு டாலர்கூடத் திரும்பவில்லை.

விரிவாக எழுத இப்போது மனசு இல்லை. இதை மட்டும் பாருங்கள்.

கார்டு வாங்காத பார்க்குக்கு முன்பணம் வேண்டாம். முதலில் ஒரு வாரத்துக்கு மட்டும் கட்டித் தங்கிப் பாருங்கள்.

உங்களுக்குக் கொடுக்கும் அதே நம்பர் பெட்டியில், சாயங்காலம் நாலிலிருந்து ஆறுக்குள், ஏ.சி.யை ஓடவிட்டு வோல்டேஜ் பாருங்கள். மீட்டர் ரீடிங்கையும் முதல் நாளே போட்டோ எடுங்கள்.

இட நம்பர், ஆம்ப், எத்தனை நாள் தங்கலாம், தபால் வாங்குவார்களா, எல்லாம் எழுத்தில் வேண்டும். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் வீடு மாறிய 10 நாளுக்குள் குடிவரவுத் துறையின் ஏ.ஆர்.-11 படிவத்தில் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கவேண்டும். தபாலுக்கு வழி செய்யாமல் போகாதீர்கள்.

ஸ்டேட் பார்க்கில் (மாநில அரசின் பூங்கா) இருந்துகொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள், பெரும்பாலும் 14 நாள்தான் விடுவார்கள்.

குளிர்காலத்தில் வருவதானால் தண்ணீர்க் குழாய்க்கு ஹீட் டேப் (உறையாமல் சூடேற்றும் மின்பட்டை) சுற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். 2021 பிப்ரவரியில் டெக்ஸாஸ் முழுக்க உறைந்ததே.

14-ஆம் நம்பர் இடத்தின் போட்டோவை யாராவது அனுப்பினால், வீடியோ காலில் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கே போகவே போகாதீர்கள்.