எந்த அருங்காட்சியகம்: லார்ட்ஸா, மெல்போர்னா?

கிரிக்கெட்டுக்காகவே போகிறவருக்கு லண்டன் லார்ட்ஸ் மைதானத்து எம்.சி.சி. (மேரிலிபோன் கிரிக்கெட் கிளப்) அருங்காட்சியகத்தைத்தான் சொல்வேன். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் டெஸ்ட் தொடரின் அடையாளமான கலசம் அங்கேதான் இருக்கிறது. ஒரு சாண் உயரம்கூட இல்லை, ஆனால் அதைச் சுற்றி எத்தனை ஆண்டுப் பகை! 1936இல் இந்திய வீரர் ஜஹாங்கீர் கான் வீசிய பந்து பட்டு இறந்த சிட்டுக்குருவியைப் பாடம் செய்து, பந்தோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். மைதானச் சுற்றுலாவில் சேர்ந்தால், 1983இல் கபில்தேவ் கோப்பையோடு நின்ற பால்கனியையும் பார்க்கலாம். அதற்காகவே போகலாம் என்பேன்.

மெல்போர்ன் மைதானத்துக்குள் இருக்கும் ஆஸ்திரேலிய விளையாட்டு அருங்காட்சியகம் இன்னும் விரிந்தது. 1877இன் முதல் டெஸ்ட், 1956 ஒலிம்பிக், குதிரைப் பந்தயம் என்று பல கதைகள். குழந்தைகள் விளையாடிப் பார்க்கவும் இடமுண்டு. குடும்பத்தோடு என்றால் இதுதான் சரி. போட்டி நாட்களில் இரண்டிலுமே பார்வை நேரம் மாறும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.