ஆடும் சுடர்: இடம் மாற்றுவதா, திரி வெட்டுவதா, சிம்னி மாட்டுவதா?

ஒரே பெட்டியில் இருந்து எடுத்த இரண்டு மெழுகுவர்த்திகள், ஒரே மேசை. ஒன்று வரைந்து வைத்த மாதிரி நிற்கிறது. மற்றது படபடவென்று அடித்துக்கொள்கிறது. உடனே எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறோம். திரும்பி வந்து பார்த்தால் அது அப்படியேதான் ஆடிக்கொண்டிருக்கிறது.

ஜன்னலைச் சாத்தும் முன் அரை நிமிட வேலை ஒன்று இருக்கிறது. இரண்டையும் இடம் மாற்றி வையுங்கள். ஆட்டம் பழைய இடத்திலேயே தங்கிவிட்டால் குற்றம் காற்றின் மேல். மெழுகுவர்த்தியோடு சேர்ந்து ஆட்டமும் இடம் பெயர்ந்தால் குற்றம் திரியின் மேல். தட்டோடு சேர்த்து மெதுவாக நகர்த்த வேண்டும். திரியைச் சுற்றி மெழுகு குளம் கட்டி நின்றால், அணைத்து ஆறவிட்டு அப்புறம் மாற்றுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த வழி நல்லது என்று பேசுவதே வீண், ஏனென்றால் ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு வகை ஆட்டத்துக்குத்தான் மருந்து.

சுடர் ஏன் நீண்ட துளி வடிவத்தில் இருக்கிறது? சூடான வாயு மேலே போகிறது, அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று கீழிருந்து ஏறி வருகிறது. இந்த ஓட்டம்தான் சுடரை மேல்நோக்கி இழுத்து நிறுத்துகிறது. 1992-இல் விண்வெளி ஓடத்துக்குள் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்தார்கள். எடையற்ற அந்த இடத்தில் சூடான காற்று மேலே போகாது என்பதால், சுடர் மங்கிய நீல உருண்டையாக நின்றது. ஆக, நாம் காணும் வடிவமே காற்றோட்டம் செதுக்கியது. வரும் காற்று சீராக இல்லை என்றாலோ, திரி ஏற்றித் தரும் மெழுகு சீராக இல்லை என்றாலோ சுடர் ஆடுகிறது.

ஆட்டத்தையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து எழுந்தால் அது அறைக் காற்று. உயரமாக எழும்பித் தாழ்ந்து, நுனியில் கரும்புகை கக்கினால் பெரும்பாலும் திரி நீளம். சடசடவென்று பொரிந்தால் மெழுகிலோ திரியிலோ தண்ணீர் இருக்கிறது. இந்த மூன்றாவதற்குப் பெரிய வைத்தியம் கிடையாது. அந்த ஈரம் எரிந்து தீரும்வரை பொறுக்கலாம், அடங்கவில்லை என்றால் வேறு மெழுகுவர்த்தி எடுக்கலாம்.

முதல் போட்டி, இடம் மாற்றுவதற்கும் திரி வெட்டுவதற்கும். இரண்டுக்கும் செலவு இல்லை.

இடம் மாற்றுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காற்று வருவது நமக்குத் தெரிவதில்லை. கதவு, மின்விசிறி, ஏசி எல்லாம் கண்ணுக்குத் தெரியும் எதிரிகள். மூடிய ஜன்னலை யாரும் சந்தேகிப்பதில்லை. குளிரான இரவில் கண்ணாடியை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனமாகி, கீழே வழிந்து தரையோடு ஓடும். ஜன்னல் இறுக்கமாகச் சாத்தியிருந்தாலும் இது நடக்கும். நான் ஒரு டிஷ்யூ தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, சுடர் இருந்த இடத்தில் அதன் உயரத்திலேயே தொங்கவிட்டுப் பார்ப்பேன் (சுடரை அணைத்துவிட்டுத்தான்!). தாள் லேசாக அசைந்தாலும் அந்த இடம் வேண்டாம். இன்னொரு சங்கடமும் உண்டு. மேசையில் அந்த மெழுகுவர்த்திக்கு எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது நாமாக இருந்தால், காற்று நம் மூக்கில் இருந்துதான் வருகிறது. ஒருமுறை வீடு முழுக்கத் திரைச்சீலைகளைச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கே இது உறைத்தது.

திரி வெட்டுவது இதைவிட நிச்சயமான பலன் தரும். திரி நீளமாக இருந்தால் தேவைக்கு மேல் மெழுகை உறிஞ்சுகிறது. சுடர் பெரிதாகிறது, அத்தனை ஆவியையும் எரிக்க வேண்டிய காற்று உள்ளே வந்து சேர்வதில்லை. எரியாத கரி புகையாக வெளியேறுகிறது, மீதி திரி நுனியில் காளான் குடைபோலத் திரண்டு நிற்கிறது. அந்தக் கரிக்குடை இருந்தால் சுடர் ஒரு முகமாக நிற்காது, இரண்டாகப் பிளந்து துள்ளும். ஏற்றும் முன் திரியை சுமார் 6 மில்லிமீட்டருக்கு வெட்டிவிடுங்கள். மரத்தால் ஆன திரியாக இருந்தால் இன்னும் குட்டையாக, 3 மில்லிமீட்டர் அளவுக்கு. மெழுகு ஆறிக் கெட்டியான பிறகுதான் வெட்ட வேண்டும். உதிரும் கரித்துணுக்கை மெழுகிலேயே விட்டுவிடக் கூடாது, அதுவும் பற்றிக்கொண்டு இரண்டாவது திரியாகிவிடும். கத்தரிக்கோல் நுழையாத ஜாடியில் நகவெட்டி உதவும். அதற்காக ஒட்ட நறுக்கிவிடாதீர்கள். குட்டைத் திரி உருகிய மெழுகில் மூழ்கி மூச்சுத் திணறும், அப்போதும் சுடர் நடுங்கத்தான் செய்யும்.

இந்த வெட்டும் வேலை ஒரு காலத்தில் ஓயாத தொல்லையாக இருந்தது. எரிந்துகொண்டிருக்கும்போதே திரியை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கென்றே தனிக் கத்தரிக்கோல் உண்டு. 1825-இல் பிரான்சில் கம்பாசேரஸ் என்பவர் பின்னிய திரியைக் கொண்டுவந்தார். எரிய எரிய அது வளைந்து, சுடரின் ஓரத்தில் இருக்கும் மிகச் சூடான பகுதிக்குள் நுனியை நீட்டும். அங்கே நுனி தானே எரிந்து சாம்பலாகிவிடும். இன்று நம் வீட்டு மெழுகுவர்த்தித் திரி லேசாகத் தலைசாய்த்து நிற்பது பழுதல்ல, அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். நிமிர்த்தி விட வேண்டாம்.

இந்தப் போட்டியில் என் ஓட்டு திரி வெட்டுவதற்கு. இடம் சரியில்லை என்று மெழுகுவர்த்தியைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் அலைபவர்களில் பாதிப்பேருக்குத் திரிதான் பிரச்சினை என்று அடித்துச் சொல்வேன்.

அடுத்தது கண்ணாடி. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். காற்று படாமல் இருக்கட்டும் என்று ஆழமான ஜாடிக்குள் மெழுகுவர்த்தியை இறக்கி வைக்கிறோம். பக்கவாட்டு ஆட்டம் நிற்கிறது, சரி. ஆனால் கொஞ்ச நேரத்தில் சுடர் மேலும் கீழுமாக விம்ம ஆரம்பிக்கிறது. காரணம் எளிது. அடி மூடிய பாத்திரத்துக்கு ஒரே வாய். சூடான காற்று வெளியேறுவதும் அதன் வழி, புதுக் காற்று நுழைவதும் அதன் வழி. ஒற்றைக் கதவுள்ள பேருந்தில் இறங்குபவர்களும் ஏறுபவர்களும் முட்டிக்கொள்வது போலத்தான். ஒரு கணம் வெளியே போவது ஜெயிக்கிறது, மறுகணம் உள்ளே வருவது. மெழுகு எரிந்து மட்டம் இறங்க இறங்க இந்தத் தள்ளுமுள்ளு கூடிக்கொண்டே போகும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய வகுப்பறைச் சோதனை உண்டு. தட்டில் சிறு மெழுகுவர்த்தித் துண்டை நிறுத்தி, சுற்றிலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். விளக்குச் சிம்னி மாதிரி இரண்டு பக்கமும் திறந்த உயரமான கண்ணாடிக் குழாயை மேலே கவிழ்த்து வையுங்கள். அடியைத் தண்ணீர் அடைத்துவிடுவதால் காற்றுக்கு மேல்வாய் மட்டும்தான் வழி. சுடர் தள்ளாடிச் சுருங்கி அணையப் பார்க்கும். அந்த நேரத்தில், அலுமினியத் தாளை நாலாக மடித்துச் செய்த பட்டையை மேல்வாய் வழியாக, சுடரைத் தொடாமல், குழாயை இரண்டாகப் பிரிக்கிற மாதிரி இறக்குங்கள். சுடர் நிமிர்ந்துகொள்ளும். ஒரு பக்கம் போவதற்கு, மறுபக்கம் வருவதற்கு என்று பாதை பிரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு துளிகூடப் புதிய வாசல் திறக்கவில்லை.

அதனால் ஜாடியா, அடி திறந்த சிம்னியா என்றால் யோசிக்கவே வேண்டாம், சிம்னிதான். கீழே நுழைந்த காற்று சுடரைத் தடவிக்கொண்டு மேலே போகிறது, ஒரே திசை. 1780களில் அர்காண்ட் என்பவர் உருவாக்கிய விளக்கு, எண்ணெய்ச் சுடரைச் சுற்றிக் கண்ணாடிக் குழாயை மாட்டி வெளிச்சத்தைக் கூட்டியதும் இந்த இழுவையை வைத்துத்தான். வீட்டில் சிம்னியை மேசையோடு ஒட்டி வைத்துவிட்டால் அதுவும் ஜாடியாகிவிடும். அடியில் சம உயரமாக மூன்று நாணயங்களைக் கொடுத்துத் தூக்குங்கள், அந்த இடுக்கு போதும். அதிகமாகத் தூக்கினால் தரைக்காற்று நேராக உள்ளே பாயும். சுடருக்கும் கண்ணாடிக்கும் நடுவே தாராளமாக இடம் இருக்கட்டும். ஒட்டி இருந்தால் கரி படியும், கண்ணாடி விரிசல் விடவும் கூடும்.

ஜாடிதான் கையில் இருக்கிறது என்றால் வாய் அகன்றதாக, ஆழம் குறைந்ததாகத் தேர்ந்தெடுங்கள். முதல்முறை ஏற்றும்போது மேற்பரப்பு முழுவதும் ஓரம்வரை உருகும்வரை விடுங்கள். விட்டம் இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. அவசரமாக அணைத்தால் திரியைச் சுற்றி மட்டும் குழி விழும், அடுத்தடுத்த முறை சுடர் அந்தக் கிணற்றுக்குள் உட்கார்ந்து திணறும். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்போது அந்த ஜாடியை ஓய்வில் அனுப்பிவிடுங்கள், கண்ணாடி சூடேறி உடையக்கூடும்.

தேன்மெழுகா, பாரஃபினா, சோயாவா என்ற விவாதத்தைச் சுடரின் ஆட்டத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். என் அனுபவத்தில் மெழுகின் வகையைவிட, அந்தத் தடிமனுக்குத் திரி பொருந்துகிறதா என்பதே முக்கியம். பொருந்தினால் எந்த மெழுகும் ஒழுங்காக எரியும். 1860-இல் லண்டன் எரிவாயுச் சட்டம் வெளிச்சத்தின் அளவுகோலாகவே ஒரு மெழுகுவர்த்தியை வைத்தது. திமிங்கலத் தலையில் கிடைக்கும் ஸ்பெர்மசெட்டி என்ற மெழுகில் செய்தது, ஆறு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை, மணிக்கு 120 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 7.8 கிராம் எரிய வேண்டும். மெழுகு எது என்று சொன்னதோடு சட்டம் நிற்கவில்லை, எரியும் வேகத்துக்கும் கணக்கு வைத்தது.

வெளிச்சம் போதவில்லை என்று மெழுகுவர்த்திகளை ஒட்டி ஒட்டி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று நான்கைக் கட்டாகச் சேர்த்து ஏற்றினால், துளிக் காற்று இல்லாத அறையிலும் அந்தக் கூட்டுச்சுடர் நொடிக்கு சுமார் பத்து முறை துடிக்கும். இப்படி இரண்டு கட்டுகளை அருகருகே வைத்தால் இரண்டும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். கொஞ்சம் தள்ளினால் ஒன்று எழும்போது மற்றது தாழும். பார்க்க அழகுதான், ஆனால் அந்த வெளிச்சத்தில் படிக்க முடியாது. குறைந்தது 7, 8 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

கடைசிப் போட்டியாளர் எல்இடி மெழுகுவர்த்தி. மின்விசிறியை நிறுத்த முடியாது, குழந்தை தூங்குகிறது, திரைச்சீலை பக்கத்திலேயே ஆடுகிறது என்றால் இதற்கு நிகர் வேறில்லை. நான் ஒன்று வாங்கி வந்து பேட்டரி போட்டு மேசையில் வைத்தேன். சிணுங்கிச் சிணுங்கி ஆடியது. பழுது என்று நினைத்துப் பேட்டரியை மாற்றினேன், அப்போதும் ஆடியது. அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். நிஜச் சுடர் மாதிரி ஆடும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, அதற்கென்றே உள்ளே ஒரு மின்னணுச் சில்லு.