முதல் வண்டியாக ஒரு பழைய மினி டிப்பர்

லாரித் தொழிலில் முன்பழக்கம் ஏதுமில்லாமல், எம்.சாண்ட், ஜல்லி, கிராவல் மண் ஆகியவற்றை ஏற்றிச் செல்லும் தொழிலைத் தொடங்க விரும்புவோர் முதலில் கேட்பது எந்த வண்டியை வாங்குவது என்பதைத்தான். கோவை மாவட்டத்தில் கிணத்துக்கடவு வட்டாரக் கல்லுடைக்கும் கிரஷர்களிலிருந்து புறநகர் வீட்டு மனைகளுக்குப் பொருள் கொண்டு செல்வதற்காக நான் வாங்கி ஓட்டிவரும் பழைய மினி டிப்பரை வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வண்டி 2018-இல் பதிவானது, பி.எஸ். 4 எனும் புகை மாசு விதிக்கு உட்பட்ட எஞ்சின் கொண்டது. சரக்கோடு சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோவுக்குள் அடங்குவது. அனுபவமற்றவருக்கு இது ஏற்ற வண்டி என்பதே என் முடிவு. ஆனால் விற்பவர் சொல்லும் "ஒரு யூனிட் வண்டி" என்ற பெயரை நம்பாமல், ஆர்.சி. புத்தகத்தில் அச்சாகியிருக்கும் எடையை நம்பி ஓட்டுபவருக்கே இம்முடிவு பொருந்தும்.

ஒரு யூனிட் என்பது 100 கன அடி. பத்தடி நீளம், ஆறடி அகலம், ஓரடி எட்டங்குல உயரம் கொண்ட பக்கெட்டில், அதாவது சரக்குத் தொட்டியில், ஒரு யூனிட் தலைதட்டி நிற்கும். அதே அளவு எம்.சாண்ட் ஏறத்தாழ நாலரை டன் எடையிருக்கும். ஜல்லி அதைவிடச் சற்றுக் குறையலாம். கழுவிய மணலை நீர் வடியவிடாமல் ஏற்றினால் அந்த நீரின் எடையும் சேரும். வண்டியின் வெற்று எடை மூன்றரை டன் என்று வைத்துக்கொண்டால், 7,500 கிலோவில் சரக்குக்கு மிஞ்சுவது நான்கு டன்தான். ஆகவே "ஒரு யூனிட்" என்று பேசி விற்கப்படும் பக்கெட்டை விளிம்பு வரை நிரப்பினாலே அரை டன் கூடுதலாகிவிடுகிறது. இது போதாதென்று, முந்தைய உரிமையாளர்கள் பக்கெட்டின் மேல் இரும்புத் தகடு வைத்து உயரத்தைக் கூட்டியிருப்பார்கள். பத்துக்கு ஆறடிப் பக்கெட்டில் உயர்த்தப்படும் ஒவ்வோர் அங்குலமும் ஐந்து கன அடி, அதாவது சுமார் 225 கிலோ மணல். எனவே பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் மூடியைத் திறப்பதற்கு முன்பே அளவு நாடாவால் பக்கெட்டை அளந்துவிடுவது நல்லது.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவின்படி, அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். மிகுதிச் சரக்கை இறக்கும் செலவும் உரிமையாளருடையதே. எடை போட நிறுத்தாமல் சென்றால் அபராதம் 40,000 ரூபாய். "எல்லோரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்" என்று தரகர்கள் ஆறுதல் சொல்வது வழக்கம். பத்து வண்டி வைத்திருப்பவருக்கு ஓர் அபராதம் செலவுக் கணக்கில் ஒரு வரி. ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு அது பல நடைகளின் வாடகை.

"பெரிய வண்டி வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லையே" என்பவர்களுக்கும் இதே கணக்கைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பு உயர்த்தப்பட்ட பிறகு, இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்தது. வெற்று எடை ஏழு டன் போக, மிஞ்சுவது பதினொன்றரை டன். மூன்று யூனிட் டிப்பர் என்று அழைக்கப்படும் அந்த வண்டியில் மூன்று யூனிட் எம்.சாண்ட் ஏற்றினால் பதிமூன்றரை டன். இதில் சிக்கல் தீரவில்லை, வளர்கிறது.

சிறிய வண்டியின் உண்மையான நன்மைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. முதலாவது, ஓட்டுநர் உரிமம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவரே தனி ஒப்புதல் இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. ஓட்டுநர் வராத நாளில் உரிமையாளரே வண்டியை எடுக்க முடியும் என்பது இந்தத் தொழிலில் எத்தனை பெரிய பாதுகாப்பு என்பதை, ஓட்டுநருக்காகக் காத்திருந்தவர்கள் அறிவார்கள். இரண்டாவது, காப்பீடு. 2022-இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி, 7,500 கிலோவுக்கு மிகாத வாடகைச் சரக்கு வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீட்டின் ஆண்டுப் பிரீமியம் வரி நீங்கலாக 16,049 ரூபாய். 12,000 முதல் 20,000 கிலோ வரையிலான வகைக்கு 35,313 ரூபாய். மூன்றாவது, பெரிய டிப்பர் நுழைய முடியாத தெருக்கள். வீட்டு மராமத்து, செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர் போன்ற வேலைகளுக்கு முக்கால் யூனிட், அரை யூனிட் கேட்பவர்களைப் பெரிய வண்டிக்காரர்கள் பொருட்படுத்துவதில்லை. அந்த வாடிக்கையாளர்களே சிறிய வண்டியின் முதுகெலும்பு.

ஹைட்ராலிக் அமைப்பே மற்ற சரக்கு வண்டிகளிலிருந்து டிப்பரைப் பிரித்துக் காட்டுவது. ஏமாற்றத்துக்கு அதிக இடமளிப்பதும் அதுதான். கியர்பெட்டியிலிருந்து விசை எடுக்கும் பி.டி.ஓ. பம்பைச் சுழற்ற, பம்பு எண்ணெயை ஜாக்கிக்குள் தள்ள, பக்கெட் எழுகிறது. வெறும் பக்கெட்டைத் தூக்கிக் காட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. சரக்கோடு பாதி உயரம் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, எவரும் அருகில் நில்லாமல் சற்று நேரம் கவனிக்க வேண்டும். பக்கெட் மெல்லக் கீழிறங்கினால் சீலோ வால்வோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். என் வண்டி இதில் தேறியது, ஆனால் பின்பக்கக் கீல் பின்கள் தேய்ந்திருந்ததால் பக்கெட் இறங்கி அமரும்போது ஒரு பக்கமாக இழுத்தது; அவற்றை மாற்றிய பிறகு குறையில்லை. கேபினுக்குப் பின்னால் சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், வெல்டிங் தழும்பு இருக்கிறதா, கமான் பட்டைகள் எதிர்ப்புறமாக வளைந்திருக்கின்றனவா என்று அதிகப் பாரத்தின் தடயங்களையும் குனிந்து பார்க்க வேண்டும். சேசிஸில் மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால் மகிழ்வதைவிட ஐயுறுவதே அறிவுடைமை.

கொட்டும்போதுதான் அனுபவமின்மை ஆபத்தாகிறது. நிரப்பிய மண் இறுகாத மனையில், ஒரு பக்கச் சக்கரம் தாழ்ந்த நிலையில் பக்கெட்டை உயர்த்தினால், பாரத்தின் மையம் மேலே போய் வண்டி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஈரக் கிராவல் பக்கெட்டின் முன் மூலைகளில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். அதை உதறுவதற்காக, தூக்கிய பக்கெட்டோடு வண்டியை முன்னே செலுத்திப் பிரேக் அடிக்கும் பழக்கம் ஜாக்கியையும் கீலையும் ஒருசேரக் கெடுக்கும். தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்காமல் லீவரைத் தொடக்கூடாது. முட்டுக் கொடுக்காமல், தூக்கிய பக்கெட்டின் கீழ் எவரும் நுழையக்கூடாது. தொடக்கத்தில் பழகிய டிப்பர் ஓட்டுநர் ஒருவருக்குச் சம்பளமும் பேட்டாவும் கொடுத்து, பக்கத்து இருக்கையில் அமர்ந்து கற்பது, பின்னால் வரக்கூடிய எந்தப் பழுதுச் செலவைவிடவும் மலிவானது.

எஞ்சினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 வண்டிகளில், புகை வடிகட்டி உள்ளவை குறுந்தொலைவு, மெதுவான ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளக்கூடும், பி.எஸ். 4 வண்டியைச் சாலையோர மெக்கானிக்கே பிரித்துப் பூட்டுவார். டாடா 407 போல 1986 முதல் சாலையில் இருக்கும் வண்டி வகையென்றால் உதிரிபாகங்களுக்கு அலைய வேண்டியதுமில்லை.

காகிதங்களில் இரண்டு வகை உண்டு. சரக்கோடு செல்லும் முதல் வகையில் முக்கியமானது நடைச்சீட்டு. கிரஷரிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு நடைக்கும் வண்டி எண், பொருள், அளவு குறிப்பிட்ட சீட்டு இல்லாவிட்டால், 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி வண்டியையே பறிமுதல் செய்யலாம். அதில் உள்ள அளவும் பக்கெட்டில் உள்ள அளவும் ஒத்திருக்கின்றனவா என்று வாயிலிலேயே பார்ப்பது உரிமையாளரின் வேலை, ஓட்டுநரின் தலையில் கட்டக்கூடியது அன்று. வண்டியோடு வரும் இரண்டாம் வகையில் பெர்மிட், வரி, காப்பீடு, எஃப்.சி. எனும் தகுதிச் சான்று ஆகியவை அடங்கும். எட்டு ஆண்டு நிறையும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இருந்த எஃப்.சி., அதன்பின் ஆண்டுதோறும் ஆகிவிடுவதால், வண்டியின் வயதை விலையில் கழித்தே பேச வேண்டும். பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், உரிமை மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் விற்பவரின் கையெழுத்தையும், கடன் இருந்திருந்தால் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றையும் கடன் பதிவை நீக்கும் 35-ஆம் எண் படிவத்தையும் வாங்கிக்கொண்டு, அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து நிலுவை அபராதங்களைப் பார்த்துவிட வேண்டும். அதிகப் பாரத்துக்கான பழைய அபராதம் ஏதேனும் அங்கே தென்பட்டால், அந்தச் சேசிஸை இன்னொரு முறை குனிந்து பார்ப்பது நல்லது.