பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளி: மெல்லிய படலத்தின் உட்கவர்தலை எதைக் கொண்டு அளப்பது?

படலம் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்க்க முதலில் கை போவது ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் பக்கம்தான். எதிரொளித்தது, ஊடுருவியது இரண்டையும் நூறிலிருந்து கழித்தால் மிச்சம் உட்கவர்ந்தது. நிறமேறிய படலத்துக்கு இது போதும். லைகோ ஈர்ப்பலை ஆய்வகத்தின் ஆடிகளிடம் செல்லாது. சிலிக்காவும் டான்டலம் ஆக்சைடும் மாறி மாறி அடுக்கிய அந்தப் பூச்சு 1064 நானோமீட்டர் ஒளியில் ஒரு பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைவாகவே உட்கவர்கிறது. கழித்தல் கணக்கில் 0.1 சதவீதம் பிசகினாலே 1000 பிபிஎம். லாரி எடைமேடையில் மூக்குத்தியை நிறுக்கிற வேலை. ஆகவே ஒளியை விட்டுவிட்டு, அது படலத்தில் இறக்கிப்போன சூட்டைத் துரத்துகிறோம். அதற்கு வழி மூன்று.

லேசர் கலோரிமெட்ரி மூத்தது, ஐஎஸ்ஓ 11551 தரமும் இதற்கு உண்டு. மாதிரியில் வெப்ப உணரியைப் பொருத்தி, லேசரைக் கொஞ்ச நேரம் அடித்து, சூடு ஏறி இறங்கும் வளைவை எடுக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள சிலிக்கா வில்லையில் 1 பிபிஎம் பூச்சு என்று வையுங்கள். 10 வாட் லேசரை 100 நொடி அடித்தாலும் ஏறுவது ஏறக்குறைய ஒரு மில்லிகெல்வின். பக்கத்தில் ஆள் நடந்தாலே வளைவு ஆடும். ஆனால் லேசரின் திறனும் வில்லையின் வெப்ப ஏற்புத்திறனும் தெரிந்தால் போதும், வருகிற எண் யாரிடமும் கடன் வாங்காதது. குறை, சூடு பூச்சில் பிறந்ததா கண்ணாடியில் பிறந்ததா என்று அது சொல்லாது. பூச்சில்லாத வில்லையைத் தனியே அளந்துதான் கழிக்க வேண்டும்.

ஒளிவெப்ப விலகல் முறையை 1980இல் பொக்காரா, ஃபூர்னியே, படோஸ் மூவரும் வெளியிட்டார்கள். தார்ச்சாலைக் கானல் நீரேதான்: ஒரு கதிர் படலத்தைச் சூடாக்க, அந்தச் சூடான பரப்பை உரசிப் போகும் இன்னொரு கதிர் வளைகிறது. காற்றில் வளைவு அற்பம். கார்பன் டெட்ராகுளோரைடில் மூழ்கவைத்தால் சில நூறு மடங்கு கூடும். கூடவே ஈரலுக்கும் ஓசோனுக்கும் கேடு. அலைநீளத்தை மாற்றிக்கொண்டே போகலாம் என்பதால் உருவற்ற (படிக ஒழுங்கில்லாத) சிலிக்கன் படலங்களை ஆராய்கிறவர்களுக்கு இது உயிர். விலையுயர்ந்த ஆடியை யார் திரவத்தில் முக்குவார்கள்?

மூன்றாவது, பொதுப்பாதைக் குறுக்கீட்டுமானி. சூடாக்கும் குவித்த பம்ப் கதிரும், அதைவிட அகலமான, வேவு பார்க்கும் புரோப் கதிரும் படலத்தில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. சூடான புள்ளி புரோப் கதிரின் நடுப்பகுதியில் மட்டும் அலையின் கட்டத்தை (ஏற்ற இறக்கத்தின் நிலையை) தள்ளிவிட, அது மீதிக் கதிரோடு குறுக்கிடுகிறது. பம்பைச் சாப்பர் என்ற சுழல் தகடு விட்டுவிட்டுத் தடுப்பதால், லாக்-இன் ஆம்ப்ளிஃபையர் அதே தாளத்தில் வரும் சிக்னலை மட்டும் பொறுக்கும். ஒரு பிபிஎம்முக்குக் கீழும் தெரியும். மாதிரியை நகர்த்தினால் வரைபடமே கிடைக்கும். ஆனால் அளவுகோல் இரவல். தெரிந்த மாதிரியை வைத்துச் சரிபார்த்த எண் அது. சிலிக்காவில் சரிபார்த்துவிட்டு நீலக்கல்லை வைத்தால், அது இருபது மடங்குக்கும் மேல் வெப்பம் கடத்துவதால் சிக்னல் சுருங்கி, பூச்சு நல்லது போலப் பொய் சொல்லும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் மூன்றாவதை வாங்குவேன், ஒரு சாட்சி மாதிரியை (ஆடியோடு சேர்த்தே பூச்சிட்ட சிறு வில்லையை) கலோரிமெட்ரிக்கு அனுப்பும் வரை அதன் எண்ணை நம்பாமல். காரணம், லைகோவின் 2019-20 அவதானிப்புச் சுற்றில் ஆடிகளில் தொல்லை கொடுத்தவை, சில பத்து மைக்ரோமீட்டர் அளவே உள்ள உட்கவர் புள்ளிகள். கலோரிமெட்ரி அவற்றைச் சராசரியில் கரைத்துவிடும். வரைபடத்தில் ஒரே இடத்தில் ஊசி போல எழும்பும். எழும்பினால் லென்ஸ் தாளை ஒருமுறை இழுத்துத் துடைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். ஊசி போய்விட்டால் தூசி. அதே இடத்தில் நின்றால், பூச்சுக்குள்ளேயே இருக்கிறது.